வேலை தெரிந்தவர் வராத நாளில்

சிறிய முதலீட்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், சொந்தமாக நடத்துபவர்கள் என்று சென்ற மாதம் எழுதியவர்களில் பலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தார்கள்: செயல்முறைக் கையேடு. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூரின் ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் செட்டில்மென்ட் மேசையில், அதாவது வாங்கி விற்ற பங்கும் அதற்கான பணமும் கைமாறுவதைப் பார்க்கும் மேசையில், இருந்தவள் நான். இதில் எனக்கு அக்கறை அதிகம், சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: அக்கா, உரிமம் பெற்ற ஒரு சின்ன நிதி நிர்வாக நிறுவனத்தில் எட்டு மாதமாக வேலை செய்கிறேன். மொத்தமே ஐந்து பேர். ஆபரேஷன்ஸ் முழுவதையும் பார்ப்பவர் ஒரே ஒருவர், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார். அடுத்த மாதம் 16 வாரப் பேறுகால விடுப்பில் போகிறார். பாஸ் என்னைக் கூப்பிட்டு, "அவங்க போறதுக்குள்ள மேனுவல் எழுதிடு" என்று சொல்லிவிட்டார். இணையத்தில் 140 பக்க மாதிரி ஒன்று கிடைத்தது. கம்பெனி பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதுமா? எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.
— வாசகி, தோ பாயோ

பதில்: முதலில் அந்த 140 பக்கத்தை மூடி வையுங்கள், தங்கச்சி. "நிறுவனம் உரிய கவனத்துடன் செயல்படும்" என்று அதில் பத்து இடத்தில் இருக்கும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நிதியின் பங்குகளையும் பணத்தையும் பாதுகாத்து வைத்திருக்கும் கஸ்டோடியன் வங்கியின் அறிக்கை வரவில்லை என்றால் யாருக்குப் போன் போடுவது என்று ஓரிடத்திலும் இருக்காது. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது விஷயம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே விடுப்பில் போகும் அந்த அக்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். "நீங்க என்னென்ன வேலை செய்றீங்க, சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். கேட்டால் ஆறு வேலை சொல்வார், செய்வது முப்பது இருக்கும். அவர் மறைக்கிறார் என்று இல்லை, வருஷக்கணக்கில் பழகிப்போன கைக்கு அதில் பாதி வேலையாகவே தெரியாது. அதனால் கேட்பதை விட்டுவிட்டுப் பாருங்கள். எத்தனை மணிக்கு எந்தத் திரையைத் திறந்தார், எந்த எண்ணை எதோடு ஒப்பிட்டார், எந்த மின்னஞ்சலுக்காகக் காத்திருந்தார், எதைப் பார்த்ததும் முகம் சுளித்தார், உடனே யாருக்குக் கூப்பிட்டார் எல்லாவற்றையும் எழுதுங்கள். முகம் சுளித்த இடத்தில் மட்டும் நிறுத்தி "ஏன்க்கா?" என்று கேளுங்கள், ஏனென்றால் கையேட்டில் வர வேண்டிய அறிவில் பெரும்பகுதி அந்த இடங்களில்தான் இருக்கிறது. மாதக் கடைசி மூன்று நாளும் அடுத்த மாதத்தின் முதல் வாரமும் உங்கள் குறிப்பில் கட்டாயம் வர வேண்டும். சாதாரண நாளை மட்டும் பார்த்து எழுதினால், மாத முடிவில் நிதியின் மதிப்பைக் கணக்கிடும் வேலை வந்து நிற்கும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

நான்கு வாரத்தில் எல்லாவற்றையும் எழுத முடியாது. அதனால் பணம் வெளியே போகும் வேலைகளை முதலில் எழுதுங்கள், அதற்கடுத்து வாங்கல் விற்றல் செட்டில்மென்ட், அப்புறம் வங்கி, புரோக்கர் கணக்குகளை நம் புத்தகத்தோடு ஒப்பிடுவது. எழுதுபொருள் வாங்குவது, கூட்ட அறையைப் பதிவு செய்வது எல்லாம் கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை.

எப்படி எழுத வேண்டும் என்பதற்கு பணம் அனுப்பும் பக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"கோரிக்கை மதியம் 2 மணிக்குள் வர வேண்டும். பெறுபவரின் கணக்கு எண்ணை மின்னஞ்சலிலிருந்து எடுக்கக்கூடாது. வாடிக்கையாளர் கோப்பில் கையெழுத்தோடு இருக்கும் படிவத்திலிருந்து எடுக்கவும். எண் மாறியிருந்தால் அங்கேயே நிறுத்தவும். கோப்பில் ஏற்கெனவே உள்ள தொலைபேசி எண்ணுக்கு நாமே கூப்பிட வேண்டும், மின்னஞ்சலில் தந்திருக்கும் எண்ணுக்கு அல்ல. யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினோம் என்று படிவத்தில் எழுதவும். வங்கியில் பதிவு செய்தவரே ஒப்புதல் தரக்கூடாது. ஒப்புதல் தருபவர் விடுப்பில் இருந்தால் இயக்குநர் தருவார். அவரும் கிடைக்காவிட்டால் இன்று பணம் போகாது, அதை வாடிக்கையாளரிடம் 4 மணிக்குள் சொல்லிவிடவும்."

அந்தத் தொலைபேசி வரியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு வாடிக்கையாளர் ஒருவரின் முகவரியிலிருந்தே மின்னஞ்சல் வந்தது. பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்பச் சொல்லி, சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று ஓர் எண்ணும் கீழே போட்டிருந்தது. எங்கள் கையேட்டில் "கணக்கு மாற்றத்தை வாடிக்கையாளரிடம் உறுதிசெய்யவும்" என்று ஒரு வரி இருந்தது. வேலைக்குப் புதிதாக வந்த பெண் அதை ஒழுங்காகப் படித்து, அந்த மின்னஞ்சலில் இருந்த எண்ணுக்கே கூப்பிட்டு, உறுதிசெய்துகொண்டாள். எடுத்துப் பேசியவன் திருடன். திங்கட்கிழமை உண்மையான வாடிக்கையாளர் கூப்பிட்டபோதுதான் அவருடைய மின்னஞ்சல் பெட்டிக்குள் வேறு யாரோ புகுந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பணம் திரும்பவில்லை. அந்தப் பெண் விதியை மீறவில்லை, விதி அவளுக்குப் போதுமான அளவு சொல்லவில்லை. அவள் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி மேசையில் உட்கார்ந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கையேடு எழுதும்போது "உறுதிசெய்யவும்", "சரிபார்க்கவும்" என்று பேனா போகும் ஒவ்வொரு முறையும் எதைக் கொண்டு, எதோடு, யார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்டில்மென்ட் பக்கத்தில் சந்தைக்குச் சந்தை நேரம் எழுத வேண்டும். சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையில் வாங்கிய நாளிலிருந்து இரண்டாவது வேலை நாளில் செட்டில்மென்ட். அமெரிக்காவில் 2024 மே 28 முதல் அடுத்த வேலை நாளே. திங்கள் இரவு நியூயார்க்கில் வாங்கினால், செவ்வாய்க்கிழமை நம் பகல் நேரத்துக்குள் அமெரிக்க டாலரைத் தயார் செய்தாக வேண்டும். அந்தச் செவ்வாய் இங்கே தீபாவளி விடுமுறை என்றால் யார் அலுவலகத்தில் இருக்கப்போகிறார்கள்? இந்த மாதிரி நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே பட்டியல் போட்டு, டாலரை முன்கூட்டி மாற்றிவைப்பது யார் பொறுப்பு என்று பெயருக்குப் பதில் பதவியைப் போட்டு எழுதுங்கள். நியூயார்க் சந்தை நம் நேரப்படி இரவு 9.30க்குத் திறக்கும், அங்கே கோடை நேரம் முடிந்தபின் 10.30. மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும்.

ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைகள்தான் ஆள் மாறும்போது காணாமல் போகும். நிறுவனத்தின் 20 எழுத்து அடையாளக் குறியீடான எல்இஐயை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் சில புரோக்கர்கள் ஆர்டரை எடுக்க மாட்டார்கள். அமெரிக்கப் பங்குகளுக்காக புரோக்கரிடம் தரும் டபிள்யூ-8பென்-இ என்ற அமெரிக்க வரிப் படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரைதான் செல்லும். 2023இல் கையெழுத்திட்டது 2026 முடிவோடு சரி. அந்த அக்காவுக்கு இந்தத் தேதிகள் தலைக்குள் இருக்கும், அல்லது அவர் கைப்பேசியின் நாட்காட்டியில் இருக்கும். கைப்பேசி அவரோடு வீட்டுக்குப் போய்விடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இது நமக்குப் புதிய பிரச்சினை இல்லை. அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது தங்கித் தொழில் செய்யும் கூடங்களில், வட்டித் தொழில் செய்த நகரத்தார் கடைகளில் முதலாளியின் முகவராக ஊரிலிருந்து வரும் மேலாள் மூன்று ஆண்டு இருப்பார், தவணை முடிந்ததும் அடுத்தவர் வருவார். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரிக் கணக்கு முறை இருந்ததால்தான் நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர் பேரேட்டைப் புரட்டி யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது, எப்போது வர வேண்டும் என்று பார்த்துக்கொள்ள முடிந்தது. முதலாளி காரைக்குடிப் பக்கம் இருக்க, கடை இங்கே நடந்தது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. அந்த அக்கா விடுப்பில் போவதற்கு முன் ஒரு முழு நாள் நீங்களோ உங்களைவிடப் புதியவர் யாராவதோ கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைச் செய்யட்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், வாயைத் திறக்கக்கூடாது. தாங்க முடியாமல் "இல்லம்மா, அது அப்படி இல்ல" என்று எங்கே சொல்கிறாரோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். முதல் நாள் இருபது கோடு விழும். அதைத் திருத்தி மூன்று நாள் கழித்து இன்னொரு முறை செய்து பாருங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்றே பேர். வேலைகளைப் பிரித்துக்கொடுக்க வேண்டும், ஒருவரே எல்லாம் செய்யக்கூடாது என்று ஆடிட்டர் சொல்கிறார். மூன்று பேரை வைத்துக்கொண்டு எப்படிப் பிரிப்பது? ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்படுவது போல் ஆகாதா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் இந்த ஊரிலேயே நடந்தது, தம்பி. 1995 பிப்ரவரியில் 200 ஆண்டுக்கு மேல் பழமையான பேரிங்ஸ் வங்கி விழுந்தது சிங்கப்பூர்க் கிளையில் ஒருவர் செய்த வேலையால். அந்த ஒருவர் நிக் லீசன். இங்கே அன்றைய முன்பேரச் சந்தையான சைமெக்ஸில் ஒப்பந்தங்களை வாங்கி விற்றார். அந்த வர்த்தகத்தைக் கணக்கில் ஏற்றி, செட்டில்மென்ட் பார்க்கும் பிரிவும் அவர் கையில்தான் இருந்தது. நட்டத்தை தவறான பதிவுகளுக்கென்று வைத்திருக்கும் 88888 என்ற பிழைக் கணக்கில் ஒளித்து வைத்தார். 1995 ஜனவரி 17ஆம் தேதி கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானியச் சந்தை சரிய, நட்டம் வளர்ந்து கடைசியில் 82 கோடியே 70 லட்சம் பவுண்டில் போய் நின்றது. வங்கியை ஒரு பவுண்டுக்கு விற்றார்கள். என்னை அதிகம் பாதிப்பது இது: இரண்டு வேலையும் ஒருவரிடம் இருக்கக்கூடாது என்று 1994லேயே உள் தணிக்கை அறிக்கை எழுதிக்கொடுத்திருந்தது. அதைச் செய்திருந்தால் செலவு ஒருவருடைய சம்பளம்.

மூன்று பேரில் எல்லா வேலையையும் பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம். இரண்டு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாங்க விற்க முடிவெடுப்பவர் கணக்கு ஒப்பிடும் வேலையைத் தொடக்கூடாது. வங்கியில் பணத்தைப் பதிவு செய்பவர் ஒப்புதல் தரக்கூடாது. உரிமம் பெற்ற நிதி நிர்வாக நிறுவனம் என்றால் நிதியின் மதிப்பைக் கணக்கிடுவதும் முதலீட்டு முடிவெடுப்பவரிடமிருந்து பிரிந்தே இருக்க வேண்டும், அதற்குத்தான் பலர் நிதிக் கணக்கைப் பார்க்க வெளியில் அட்மினிஸ்ட்ரேட்டரை வைக்கிறார்கள். கணக்கு எழுதித் தருபவர் ஒருவரை வெளியில் வைத்திருப்பீர்கள் அல்லவா, வங்கியும் புரோக்கரும் மாத அறிக்கையை நேராக அவருக்கே அனுப்பும்படி ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் கை வழியாகப் போகாத ஓர் அறிக்கை வெளியே ஒருவரிடம் இருந்தாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும், அதற்குச் செலவும் இல்லை.

சந்தேகம் பற்றிக் கேட்டீர்கள். நான் இதை நேர்மாறாகப் பார்க்கிறேன். இரண்டு பேர் கையெழுத்து இருக்கும் இடத்தில் பணம் குறைந்தால் யாரும் ஒருவரை மட்டும் பார்த்து விரல் நீட்ட முடியாது. முப்பது வருஷ நட்பை வைத்துக் கம்பெனி தொடங்கியவர்கள் நாலாயிரம் வெள்ளிக் கணக்கு இடித்ததில் பேச்சை நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பிறகு தேடியதில் அது ஒரு டிவிடெண்ட், இரண்டு முறை பதிவாகியிருந்தது. மாதாமாதம் இரண்டாவது ஆள் பார்த்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

கேள்வி: மாமனார் பெயரில் ஒரு பிரைவேட் லிமிடெட். அதில் கொஞ்சம் பங்குகள், வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு கடை, நிரந்தர வைப்பு. வெளியார் பணம் ஒரு வெள்ளி கூட இல்லை. அவருக்கு வயது 74, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். எங்களுக்கும் கையேடு வேண்டுமா? கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று என் கணவர் தயங்குகிறார்.
— வாசகி, பொங்கோல்

பதில்: உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். எட்டுப் பக்கம் போதும், ஆனால் இந்த வருஷமே வேண்டும்.

மாமா ஒருவர்தான் இயக்குநரா என்று முதலில் பாருங்கள். அவர் மட்டுமே, வங்கியில் பதிவாகியிருப்பதும் அவர் கையெழுத்து மட்டுமே என்றால், அவருக்கு உடம்பு முடியாமல் போகும் நாளில் வங்கி வேறு யாருடைய கையெழுத்தையும் ஏற்காது, வாடகை வந்துகொண்டிருக்கும், ஆனால் எடுக்க முடியாது. மகனையோ உங்களையோ இரண்டாவது இயக்குநராகச் சேர்ப்பது பற்றி நிறுவனச் செயலாளரிடம் பேசுங்கள். அப்புறம் கார்ப்பாஸ், அதாவது அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நிறுவனங்கள் நுழைவதற்கான அனுமதி முறை. நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ரா, வரி வசூலிக்கும் ஐராஸ் ஆகியவற்றின் வேலைகளுக்கு நிறுவனத்தின் சார்பில் யார் உள்ளே நுழையலாம் என்பதை முடிவு செய்வது கார்ப்பாஸ் நிர்வாகி. நுழைவது அவரவர் சிங்பாஸ் என்ற தனிநபர் மின்னடையாளம் மூலம். மாமா ஒருவரே நிர்வாகி என்றால் இன்னொருவரையும் சேருங்கள். அவருடைய சிங்பாஸை வாங்கி நீங்கள் பயன்படுத்துவது தீர்வல்ல, அது கூடாது.

தேதிகளுக்கு ஒரு பக்கம். நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிக்குரிய உத்தேச வருமானத்தை, விலக்கு இல்லாவிட்டால், மூன்று மாதத்துக்குள் அதாவது மார்ச் 31க்குள் ஐராஸுக்குச் சொல்ல வேண்டும். அக்ராவுக்கு ஆண்டு அறிக்கை ஏழு மாதத்துக்குள், ஜூலை 31. வருமான வரிப் படிவம் நவம்பர் 30. கணக்குப் புத்தகங்களும் ரசீதுகளும் ஐந்து ஆண்டு இருக்க வேண்டும். கடையின் வாடகை ஒப்பந்தம் இங்கே கையெழுத்தானால் 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், வழக்கமாக வாடகைக்கு எடுப்பவர் கட்டுவார், ஆனால் கட்டிவிட்டாரா என்று கேட்டு ஒரு நகலை வாங்கி வையுங்கள்.

இன்னொரு பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்: பங்குகள் மத்திய வைப்பகமான சிடிபியில் உள்ள கணக்கிலா, புரோக்கரின் பெயரிலா, வைப்பு எந்த வங்கியில், எப்போது முதிர்கிறது, முதிர்ந்தால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளுமா. கடவுச்சொல்லைக் கையேட்டில் எழுதாதீர்கள். வங்கி டோக்கன் எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்பது வரை போதும்.

மாமாவிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். "மாமா, உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா" என்று ஆரம்பிக்காதீர்கள், எந்தப் பெரியவருக்கும் அது பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை தேக்காவில் இடியப்பம் சாப்பிட்டு முடித்த கையோடு, "மாமா, முதல் பங்கு எந்த வருஷம் வாங்கினீங்க, எவ்வளவுக்கு?" என்று உங்கள் கணவர் கேட்கட்டும். அவர் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். நீங்கள் எழுதிக்கொண்டே இருங்கள், நாலு ஞாயிறில் எட்டுப் பக்கம் வந்துவிடும். எழுதியதை அவரிடமே கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள், தான் கட்டியதை மருமகள் மதித்து எழுதியிருக்கிறாள் என்று அவருக்கே தெரியும்.

கேள்வி: நண்பர்கள் 12 பேர் மாதாமாதம் பணம் தருகிறார்கள், நான் பங்குகளில் போட்டு லாபத்தில் 20 விழுக்காடு எடுத்துக்கொள்கிறேன். இப்போது முறையாகக் கையேடு, கணக்கு எல்லாம் போட்டு நடத்தலாம் என்று நினைக்கிறேன். மாதிரி கிடைக்குமா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கையேடு பிறகு. மற்றவர்கள் பணத்தை வாங்கி, முடிவுகளை நீங்கள் எடுத்து, அதற்குக் கூலி வாங்குவது நிதி நிர்வாகத் தொழில், அதற்குப் பத்திரங்கள் மற்றும் முன்பேரச் சட்டத்தின்படி சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் வேண்டும் அல்லது சட்டம் தரும் விலக்கு ஒன்றுக்குள் நீங்கள் வர வேண்டும். சின்ன நிறுவனங்களுக்கு என்று இருந்த "பதிவு பெற்ற நிதி நிர்வாக நிறுவனம்" என்ற வகையும் 2024 ஆகஸ்ட் 1 முதல் இல்லை. தகுதிபெற்ற முதலீட்டாளர்களுக்கு, அதாவது பெரும் செல்வந்தர்களுக்கும் நிறுவனங்களுக்கும், மட்டும் நடத்தும் உரிமத்துக்கே 2,50,000 வெள்ளி அடிப்படை மூலதனம் கேட்கிறார்கள், அனுபவமுள்ள ஆட்களும் வேண்டும். எவ்வளவு அழகாகக் கையேடு எழுதினாலும் உரிமம் இல்லாத தொழில் அதனால் சரியாகிவிடாது. புதிதாகப் பணம் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள், யார் எவ்வளவு தந்தார்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள், இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். நண்பர்கள் நம்பித் தந்த பணம் அது, அதனால்தான் கறாராகச் சொல்கிறேன்.

கேள்வி: பணமோசடித் தடுப்பு, அதாவது கள்ளப்பணத்தை நல்ல பணமாக மாற்றுவதைத் தடுக்கும், அத்தியாயத்தை ஓர் ஆலோசகரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கினோம். நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், பிடோக்

பதில்: வைத்துக்கொள்ளாதீர்கள். 2023 ஆகஸ்டில் பத்துப் பேரைக் கைது செய்தார்களே, 300 கோடி வெள்ளி கள்ளப்பண வழக்கு, அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் நாணய ஆணையம் 9 நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடியே 74 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி அபராதம் போட்டது. பெரும்பாலான இடங்களில் கொள்கையும் கட்டுப்பாடும் எழுத்தில் இருந்தன, நடைமுறையில் ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்பதுதான் ஆணையம் சொன்ன குறை. உங்களுக்கு நடந்திருப்பதும் அதன் முதல் படி.

ஆலோசகர் எழுதியதைத் தூக்கிப் போட வேண்டாம், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் வாடிக்கையாளர்களை நினைத்து மறுபடி எழுதுங்கள். "செல்வத்தின் மூலத்தை உரிய ஆவணங்களால் நிறுவ வேண்டும்" என்று அதில் இருக்கும். சென்னையில் நிலம் விற்ற பணத்தோடு ஒருவர் வருகிறார் என்றால் உரிய ஆவணம் எது? கிரயப் பத்திரத்தின் நகல், அந்தத் தொகை வங்கியில் வரவான பக்கம், அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கு என்று எழுதுங்கள். பத்திரத்தில் ஒரு தொகை, வங்கி வரவில் வேறு தொகை என்றால் யாரிடம் கொண்டுபோவது, யார் "வேண்டாம்" என்று சொல்லலாம் என்பதையும் எழுதுங்கள். இந்த இடத்தில் பெரிய வாடிக்கையாளர், பாஸின் நண்பர் என்பதற்கெல்லாம் விதிவிலக்கு கிடையாது என்று ஒரு வரி இருந்தால் கீழே வேலை செய்பவருக்கு அது பெரிய துணை.

சந்தேகம் வந்துவிட்டால் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை அறிக்கையைப் போலிஸ் படையின் வர்த்தக விவகாரப் பிரிவில் உள்ள அலுவலகத்துக்கு இணையம் வழி அனுப்ப வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் கசியவிடுவது குற்றம். உங்கள் ஊழியர்களில் பாதிப் பேருக்கு இந்த இரண்டாவது விஷயம் தெரிந்திருக்காது. நல்லெண்ணத்தில், "சார், உங்க ஃபைல்ல ஒரு பிரச்சினை, ரிப்போர்ட் பண்ணியிருக்கோம்" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் "தாமதத்துக்குக் காரணம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும்" என்று சொல்ல வேண்டிய வாக்கியத்தையே எழுதிக் கொடுங்கள். ஆவணங்களை, உறவு முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பதிவு செய்யும் அக்காவுக்குத் தமிழில் இருந்தால் சுலபம். கையேட்டைத் தமிழில் எழுதலாமா?
— வாசகி, சிராங்கூன்

பதில்: ஆடிட்டரும் ஆணையமும் படிக்க ஆங்கிலத்தில் ஒன்று இருந்தாக வேண்டும். ஆனால் அவர் மேசையில் தினமும் வைத்திருக்கும் வேலைப் பட்டியலைத் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். பொத்தான், திரை, கோப்பு ஆகியவற்றின் பெயர்களை மட்டும் கணினியில் தெரிகிறபடியே எழுதிவிடுங்கள், மொழிபெயர்த்தால் தேடுவார். ஆங்கிலப் பிரதி மாறும்போது தமிழ்ப் பட்டியலும் அன்றே மாற வேண்டும், அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

கேள்வி: எழுதி இரண்டு வருஷம் ஆகிறது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும்?
— வாசகர், ஈசூன்

பதில்: ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக உட்கார்ந்து படியுங்கள், அது குறைந்தபட்சம். ஆனால் திருத்தம் பெரும்பாலும் அந்த நாளில் வராது. புரோக்கர் மாறினார், வங்கி திரையை மாற்றியது, ஆள் மாறினார், ஒரு தவறு நடந்தது, அந்த வாரமே மாற்றிவிட வேண்டும். கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கம் விட்டு, எந்தத் தேதியில் என்ன தவறு நடந்தது, அதனால் எந்தப் பக்கம் மாறியது என்று எழுதி வாருங்கள். யார் செய்தது என்று எழுத வேண்டாம்.

பழைய பிரதியை அழிக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதி போட்டு, மாறியதைத் தனிக் கோப்பில் வையுங்கள். மூன்று வருஷம் கழித்து ஆடிட்டர் ஒரு பணப் பரிமாற்றத்தைக் காட்டி, "இதற்கு ஏன் ஒரே கையெழுத்து?" என்று கேட்கும்போது, அன்று நடப்பில் இருந்த விதி எது என்று எடுத்துக்காட்ட அந்தக் கோப்புதான் இருக்கும்.